முக்கண் இறால் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டின் கடைசித் தளத்தில் ஐந்து பிளாஸ்டிக் டப்புகள் வரிசையாக இருக்கின்றன. கப்பியிலும் ஃபைட்டர் மீனிலும் தொடங்கிய நான் இப்போது ட்ரையாப்ஸ் என்னும் முக்கண் இறால் மட்டுமே வளர்க்கிறேன். கொளத்தூர் வண்ண மீன் கடைத்தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் கேட்பதும், என்னிடம் முட்டை வாங்கிப் போனவர்கள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் பதற்றத்தோடு கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ட்ரையாப்ஸ் என்பது என்ன? இறாலா, தலைப்பிரட்டையா?

மேலிருந்து பார்த்தால் தலைப்பிரட்டை போலவே இருக்கும். முன்பக்கம் கவிழ்த்த கரண்டி போன்ற ஓடு, பின்பக்கம் வளையம் வளையமாக மெலிந்து நீளும் உடல், கடைசியில் இரண்டு நூல் வால்கள். அதனால்தான் தலைப்பிரட்டை இறால் என்ற பெயர். ஆனால் தவளைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது ஓடுடைய கணுக்காலி.

காசிமேட்டில் நாம் வாங்கும் இறாலுக்கும் இது தூரத்துச் சொந்தம்தான். அந்த இறால் பத்துக்காலி வகை. ட்ரையாப்ஸுக்கு இனத்தைப் பொறுத்து 35 முதல் 70 ஜோடி வரை கால்கள் இருக்கும். மீன் குஞ்சுகளுக்கு இரையாகப் போடுகிறோமே, ஆர்ட்டீமியாவும் டாஃப்னியாவும், அவைதாம் இதன் நெருங்கிய உறவினர்கள். இந்தக் கூட்டத்துக்கு அறிவியலில் பிராங்கியோபோடா என்று பெயர். செவுள்காலிகள் என்று பொருள். இலை போலத் தட்டையான அந்தக் கால்களாலேயே நீந்தும், மூச்சு வாங்கும், உணவையும் வாய்க்குத் தள்ளும்.

கண்ணாடித் தொட்டியில் வைத்துக் கீழிருந்து ஒருமுறை பாருங்கள். நெல் வயலில் காற்று ஓடுவது போல அந்தக் கால்களில் அலை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இரு வரிசைக் கால்களுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கிடைத்த துணுக்கு அந்தப் பள்ளத்தின் வழியே காலுக்குக் கால் கை மாறி முன்னோக்கி, வாய்க்குப் போகும். உடலின் முதல் 11 வளையங்களில் வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால். அதற்குப் பின்னால் ஒரே வளையத்தில் பல ஜோடிகள். கடைசிச் சில வளையங்களில் காலே இல்லை.

உண்மையிலேயே மூன்று கண்களா?

ஆம். கிரேக்க மொழியில் ட்ரையாப்ஸ் என்றாலே மூன்று கண் என்றுதான் பொருள். ஓட்டின் முன்பகுதியில் அவரை விதை வடிவில் இரண்டு கூட்டுக் கண்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். அவற்றின் நடுவில் சிறிய புள்ளியாக மூன்றாவது கண். முட்டையிலிருந்து வெளியே வரும்போதே இருப்பது இந்த நடுக்கண்தான். அது வெளிச்சத்தை மட்டும் உணரும். என் தங்கை மகன் திருவொற்றியூரில் வளர்கிறவன். முதல்முறை பார்த்தபோதே முக்கண்ணன் என்று பெயர் வைத்துவிட்டான். எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான் பெயர்.

டைனோசர் காலத்து உயிர் என்று முட்டைப் பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்களே, சரியா?

பாதி சரி. ஜெர்மனியில் சுமார் 22 கோடி ஆண்டு பழைய ட்ரையாசிக் காலப் பாறைகளில் கிடைத்த தொல்லுயிர்ப் படிமங்கள் இன்றைய ட்ரையாப்ஸைப் போலவே இருக்கின்றன. அந்த ஓடு, அந்த வளையங்கள், அந்த இரட்டை வால், எல்லாம் அப்படியே. இந்தக் குடும்பத்தின் வரலாறு அதற்கும் முன்னால் போகிறது.

ஆனால் உருவம் மாறவில்லை என்பதால் உயிரே மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இன்று வாழும் ட்ரையாப்ஸ் இனங்கள் எல்லாம் டைனோசர்கள் அழிந்து வெகு காலத்துக்குப் பிறகே கிளை பிரிந்தவை என்று காட்டியது. தாத்தாவின் முகச்சாயல் பேரனிடம் இருக்கும். அதற்காகப் பேரனின் வயது தாத்தாவின் வயது ஆகிவிடாது. குழந்தைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டைனோசர் கதையைவிட இது சிறியது என்று எனக்குத் தோன்றவில்லை.

முட்டை பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தும் உயிரோடு இருக்கும் என்பதை நம்பலாமா?

நம்பலாம். இந்த உயிரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ட்ரையாப்ஸ் ஆற்றிலோ ஏரியிலோ வாழ்வதில்லை. மழை பெய்தால் நிறைந்து, சில வாரங்களில் வற்றிவிடும் குட்டைகள்தாம் அதன் வீடு. அங்கே மீன் இருக்காது. வற்றிப்போகும் நீரில் மீன் நிலைக்க முடியாது. மெதுவாக நீந்தும், மென்மையான உடல் கொண்ட இந்த உயிருக்கு மீன் இல்லாத இடம்தான் பாதுகாப்பு. ஆக, நீர் வற்றுவதே அதற்கு அரண். அந்த அரணுக்குக் கொடுக்கும் விலை, பெரியவை எல்லாம் ஒவ்வொரு கோடையிலும் செத்துப்போவது. முட்டை மட்டும் மண்ணோடு மண்ணாகக் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

முட்டைக்குள் கரு ஓரளவு வளர்ந்து, அப்படியே நின்றுவிடுகிறது. மூச்சும் ஏறக்குறைய நின்ற நிலை. சுற்றிலும் கெட்டியான ஓடு. 20 ஆண்டுகளுக்கு மேல் காய்ந்து கிடந்த முட்டைகள் பொரித்த பதிவுகள் இருக்கின்றன. சூடான் நாட்டு ட்ரையாப்ஸின் உலர்ந்த முட்டைகள் 98 டிகிரி செல்சியஸ் சூட்டை 16 மணி நேரம் தாங்கிய பிறகும் பொரித்ததாக 1968-இல் ஓர் ஆய்வு வெளியானது. கொதிநிலையைத் தொட்ட பிறகே அவை செத்தன. இந்தத் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. ஒரே மழையில் எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. மழை ஏமாற்றிவிட்டு ஒரே வாரத்தில் குட்டை காய்ந்துபோனால் வம்சமே அழியுமே! அதனால் ஒரு பங்கு மட்டும் விழித்துக்கொள்ள, மற்றவை அடுத்த நனைவுக்கும், அதற்கடுத்த நனைவுக்கும் உறங்கிக் கிடக்கும்.

முட்டை பொரிக்க ஆர்ட்டீமியாவுக்குப் போடுவது போல உப்பு போட வேண்டுமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். கொளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் செய்யும் முதல் தவறு இதுதான். வருடக்கணக்காக ஆர்ட்டீமியா பொரிக்க வைத்த கை, தானாகவே உப்பு டப்பாவைத் தேடும். ஆர்ட்டீமியா உப்பளத்து உயிர். ட்ரையாப்ஸ் மழைநீர் உயிர். மண்ணில் கிடக்கும் முட்டைக்குப் புதுமழை வந்துவிட்டது என்று சொல்வதே நீரில் உப்புச்சத்து குறைவாக இருப்பதுதான். அதோடு வெளிச்சமும் இளஞ்சூடும் சேர வேண்டும்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்?

வடசென்னையில் இதுதான் பெரிய கேள்வி. ஆழ்துளைக் கிணற்று நீரை மறந்துவிடுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் பல இடங்களில் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. குழாய் நீரும் ஒரே மாதிரி வருவதில்லை. புழல் ஏரி நீர் வரும், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க 2010-இல் தொடங்கிய ஆலையின் நீரும் வரும், சில நாள் லாரி நீர் வரும். இதோடு குளோரினும் உண்டு.

பொரிக்க வைப்பதற்கு நான் பயன்படுத்துவது ஆர்ஓ கேன் தண்ணீர். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அளவு 100-க்குக் கீழே இருந்தால் நல்லது, 50-ஐ ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. மழைநீர் மிக அருமையாக வேலை செய்யும். ஆனால் மணலியும் எண்ணூரும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. முதல் மழையைப் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பெய்து, காற்றும் மாடியும் கழுவப்பட்ட பிறகு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்துப் பிடியுங்கள்.

அந்தப் பாத்திரம் செம்பாகவோ பித்தளையாகவோ இருக்கக்கூடாது. செம்புக் குடத்தில் வைத்த நீர் நம் உடம்புக்கு நல்லது என்று சொல்வார்கள். ஓடுடைய உயிர்களுக்குத் தாமிரம் கொடிய விஷம். எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் போதும்.

குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டியபின் இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்துக் குளோரின் போன குழாய் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாம்.

பொரிக்க வைக்கும் முறையைச் சொல்லுங்கள்.

ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை கொள்ளும், வாய் அகன்ற ஆழமில்லாத டப்பா. அதில் மூன்று விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர். முட்டையை மேலே தூவி, மிதப்பவற்றை விரலால் மெல்லத் தட்டி நனைத்துவிடுங்கள். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. முதல் இரண்டு நாள் விளக்கு வெளிச்சம் விழ வேண்டும். ஹீட்டர் வாங்கக் குளிர்நாட்டுக்காரர்கள் செலவழிக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

கூடவே ஒரு துண்டு பாதாம் இலை போடுங்கள். தெருவுக்கு ஒரு நாட்டு வாதுமை மரம் நிற்கிற ஊர் இது. தானாக உதிர்ந்து பழுத்துக் காய்ந்த இலையைக் கழுவி, உள்ளங்கையில் பாதியளவு போதும். அதில் வளரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே குஞ்சுகளுக்கு முதல் உணவு. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த இலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள், ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்துவது தெரியும். ஓரத்தில் டார்ச் அடித்தால் வெளிச்சத்தை நோக்கிக் கூடும்.

பொரித்த குஞ்சுகள் மூன்றாம் நாள் செத்துவிடுகின்றன. ஏன்?

பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் காரணம் அன்புதான். பசிக்குமே என்று முதல் நாளே தீவனத்தைக் கொட்டிவிடுகிறார்கள். தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல ஆகிறது, ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது.

முதல் நாள் எதுவும் போடாதீர்கள், இலையே போதும். இரண்டாம் நாள் முடிவிலிருந்து ஸ்பைருலினா என்னும் பாசித் தூளைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு, அந்த நுனியைத் தண்ணீரில் கலக்கிவிடுங்கள். அவ்வளவுதான் ஒரு வேளைச் சாப்பாடு. நான்காம் நாளிலிருந்து மீன் தீவனத்தை விரல்களுக்கு நடுவே மாவாக நசுக்கிப் போடலாம். தண்ணீர் கலங்கினால் தீவனத்தை நிறுத்தி, கால் பங்கு தண்ணீரை அதே சூடு, அதே டிடிஎஸ் உள்ள நீரால் மாற்றுங்கள்.

வளர்ச்சியைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். முதல் சில நாள், காலையில் பார்த்தது மாலையில் வேறாக இருக்கும். எட்டு முதல் பதினான்கு நாளில் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். குட்டை எப்போது வற்றும் என்று தெரியாத உயிருக்குக் குழந்தைப் பருவத்தை நீட்டி அனுபவிக்க நேரம் ஏது?

வளர்ந்தவற்றுக்கு எவ்வளவு பெரிய தொட்டி? ஏர் பம்ப் வேண்டுமா?

பத்து லிட்டருக்கு மூன்று அல்லது நான்கு. அதற்கு மேல் வேண்டாம். உயரமான கண்ணாடித் தொட்டியைவிட அகலமான டப்பு நல்லது. நீர்ப்பரப்பு அகலமாக இருந்தால் காற்று தானாகக் கரையும். நம் பகுதியில் மின்சாரம் போனால், அதுவும் புயல் நாள்களில் போனால், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பம்பை நம்பி வளர்த்தவர்களின் தொட்டி முதல் இரவிலேயே காலியாகும். அகன்ற டப்பில் நான்கு உயிரை விட்டவர் நிம்மதியாக உறங்கலாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டால் நல்லது, குமிழி மெதுவாக வரட்டும்.

அடியில் ஒரு சென்டிமீட்டர் மென்மணல் அவசியம். ட்ரையாப்ஸ் நாள் முழுவதும் மண்ணைக் கிளறித் தின்னும், மண்ணில்தான் முட்டையிடும். கடற்கரை மணல் எடுத்து வராதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் உப்பும் கிளிஞ்சலும் போகாது. மீன் கடையில் விற்கும் மென்மணலையே வாங்கிக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் போடுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

சென்னை வெயிலைத் தாங்குமா?

30 டிகிரி வரை கவலை இல்லை. 33, 34-ஐத் தாண்டினால் நீரில் ஆக்ஸிஜன் குறையும், உயிரும் வேகமாக ஓடித் தீர்ந்துவிடும். நான் ஏப்ரல், மே மாதங்களில் புதிதாகப் பொரிக்க வைப்பதில்லை. ஏற்கெனவே வளர்ந்தவை இருந்தால் டப்பைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, தரைத்தளத்து அறையில் வைப்பேன். ஆடி மாதம் முதல் மாசி வரை நல்ல காலம்.

என்ன தின்னும்? ஒன்றையொன்று தின்பது உண்மையா?

எதையும் தின்னும். மீன் தீவனம், வேகவைத்த கீரைத் தண்டு, கேரட் துருவல், உறைய வைத்த செம்புழு, செத்த பூச்சி. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம்.

ஒன்றையொன்று தின்பதும் உண்மை. பசி இருந்தாலும் இட நெருக்கடி இருந்தாலும், பெரியது சிறியதைப் பிடிக்கும். குறிப்பாகத் தோலுரித்த கையோடு மெத்தென்று கிடப்பது மாட்டிக்கொள்ளும். இதைக் கொடூரம் என்று நினைத்து வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். வற்றும் குட்டையில் பத்துப் பேர் பாதி வளர்ந்து சாவதைவிட இரண்டு பேர் முழுதாக வளர்ந்து முட்டையிட்டால் வம்சம் மிஞ்சும். நம் தொட்டியில் அது நடக்காமலிருக்க ஒரே வழி, இடமும் உணவும் போதிய அளவு கொடுப்பது.

அசையாமல் கிடக்கிறது. செத்துவிட்டதா?

அது தோலாக இருக்கலாம். போன ஐப்பசியில் ஒரு நாள் என் தங்கை மகன் டப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "மாமா, முக்கண்ணன் செத்துவிட்டது" என்றான். மணல் மேல் ஓடு, கால்கள், வால் எல்லாம் இருந்தன. சிறிய ஸ்பூனால் அள்ளி வெளிச்சத்தில் காட்டினேன். கண்ணாடித் தாள் போல உள்ளே வெறுமை. உரித்தவன் பாதாம் இலைக்கு அடியில் பதுங்கியிருந்தான், சற்றே பெரியவனாக, சற்றே வெளிறியவனாக. பாம்பு சட்டை உரிப்பது போலத்தான். சிறு வயதில் ஏறக்குறைய தினமும், பிறகு சில நாளுக்கு ஒருமுறையும் உரிக்கும்.

உரிக்கும் நேரத்தில் உடலை மடக்கி மடக்கித் துடிக்கும். உதவுகிறேன் என்று கை வைக்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேலும் மாட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பிழைக்காது. நீரின் தரமோ உணவோ சரியில்லை என்பதற்கு அது அறிகுறி. மற்றவற்றுக்காகத் தண்ணீரை மாற்றுங்கள்.

உடல் சிவந்துவிட்டது, தலைகீழாக மேலே நீந்துகிறது. நோயா?

மேற்பரப்பில் மிதக்கும் துணுக்கைத் தின்னவும் தலைகீழாக நீந்தும், அது இயல்பு. ஆனால் எல்லாமே ஒரே நேரத்தில் மேலே வந்து தலைகீழாக நின்றால் ஆக்ஸிஜன் போதவில்லை என்று பொருள். சிவப்பும் அதையே சொல்கிறது. நம் இரத்தத்தில் இருப்பது போல இதன் உடல் திரவத்திலும் ஹீமோகுளோபின் உண்டு. காற்று குறைந்த நீரில் அது அதிகமாகச் சுரந்து உடல் இளஞ்சிவப்பாகத் தெரியும். தண்ணீரை மாற்றி, மிச்சத் தீவனத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தவை ஒரே இரவில் மொத்தமாகச் செத்துவிட்டன.

மொத்தமாகச் சாவது என்றால் விஷம்தான், யோசிக்கவே வேண்டாம். மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில் கொசு மருந்து. தெருவில் புகை அடித்துக்கொண்டு போகிறார்களே, அந்த மருந்து வகை பூச்சிக்கும் ஓடுடைய உயிர்களுக்கும் ஒன்றுபோல எமன். வீட்டுக்குள் ஏற்றும் கொசுவத்தியும், செருகியில் செருகும் திரவமும், கரப்பான் ஸ்பிரேயும் அதே வகை. நானும் ஒருமுறை ஒரு தலைமுறையையே இப்படி இழந்திருக்கிறேன். டப்புகள் இருந்த இடத்தின் சன்னலை மூடாமல் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருபத்திரண்டும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. இப்போது புகை வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஈரத் துணியால் எல்லா டப்பையும் மூடிவிட்டுத்தான் மறு வேலை.

இரண்டாவது மீன் மருந்து. வெண்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கும். அந்தத் தொட்டியில் போட்ட வலையையோ குழாயையோ கழுவாமல் இங்கே போட்டால்கூடப் போதும்.

மூன்றாவது, குளோரின் போகாத குழாய் நீர்.

மீன்களோடு சேர்த்து வளர்க்கலாமா?

கூடாது. சிறியதாக இருக்கையில் மீன் அதைத் தின்னும், பெரியதானதும் அது மீன் வாலைக் கடிக்கும்.

ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. ஜோடி இல்லாமல் முட்டையிடுமா?

பெட்டியில் வருவது பெரும்பாலும் ட்ரையாப்ஸ் லாஞ்சிகாடேட்டஸ் என்னும் அமெரிக்க இனம். அதில் தனியாக ஒன்றே முட்டையிட்டுப் பொரிக்கக்கூடிய வம்சங்கள் உண்டு. ஐரோப்பாவின் ட்ரையாப்ஸ் கான்க்ரிஃபார்மிஸ் இனத்திலும் இருபால் உறுப்பும் ஒரே உடலில் கொண்டவை உண்டு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ட்ரையாப்ஸ் கிரானேரியஸில் ஆணும் பெண்ணும் பொதுவாகத் தனித்தனி.

முட்டையிடுவதை அடையாளம் காணப் பதினோராவது ஜோடிக் காலைப் பாருங்கள். அந்தக் காலின் ஒரு பகுதி மூடி போட்ட குங்குமச் சிமிழ் போல வட்டமாக மாறியிருக்கும், உள்ளே முட்டைகள் கடுகுமணியைவிடச் சிறியதாகத் தெரியும். பிறகு ஒரு நாள் தலையை மணலில் புதைத்துக் கால்களால் வாரி வாரிப் பள்ளம் பறிக்கும். தொட்டி கலங்கினால் அதைக் குறை சொல்லாதீர்கள், அது முட்டையைப் புதைத்துக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாள் வாழும்?

20 நாளிலிருந்து 90 நாள் வரை. நம் வெப்பத்தில் 40 முதல் 50 நாளை எதிர்பாருங்கள். கடைசி நாள்களில் ஓட்டின் ஓரம் கிழியும், வால் நூல் ஒடியும், அசைவு மந்தமாகும். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

முட்டையை எப்படிச் சேகரிப்பது?

பலர் கோட்டை விடும் இடம் இது. தண்ணீரைப் பார்த்துக்கொண்ட அளவுக்குக் காய வைப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரிலேயே விட்டு வைத்தால் சில முட்டைகள் அங்கேயே பொரித்துத் தாய்க்கு உணவாகும், பெரும்பாலானவை பொரிக்காமலே கிடக்கும்.

கடைசி உயிரும் போன பிறகு நீரை மெல்லிய துணி வழியாக வடித்துவிட்டு, மணலை அதே டப்பில் நிழலில் காய விடுங்கள். அவசரப்பட்டு அடுப்பருகே வைக்க வேண்டாம். மார்கழி ஈரத்தில் இரண்டு வாரம் ஆகும், பங்குனியில் நான்கு நாள் போதும். மணல் விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு குறைந்தது மூன்று நான்கு வாரம் காகித உறையில் வைத்திருங்கள். உறையின் மேல் இனம், காய்ந்த தேதி, எத்தனையாவது தலைமுறை என்று எழுதுங்கள். என் அலமாரியில் விபூதிப் பொட்டலங்கள் போல அடுக்கி வைத்திருக்கிறேன்.

கொசுப்புழுவைத் தின்னுமாமே. ஓட்டேரி நல்லாவில் விடலாமா?

கொசுப்புழுவை நன்றாகத் தின்னும். ஆனால் நம் கால்வாய்களில் விடுவது வீண். ஓட்டேரி நல்லாவிலும் பக்கிங்காம் கால்வாயிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு சாக்கடை நீரிலேயே வளரப் பழகியது. அந்த நீரில் ட்ரையாப்ஸ் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் மலேரியாக் கொசுவுக்கும், பழைய டயரில் வளரும் டெங்குக் கொசுவுக்கும் மூடியும் சுத்தமும்தான் தீர்வு.

வளர்க்க முடியவில்லை. ரெட்டேரியிலோ புழலிலோ விட்டுவிடட்டுமா?

கைகூப்பிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். மீன் உள்ள ஏரியில் அது பிழைக்காது என்று சமாதானம் சொல்வார்கள். ஏரிக்கரையில் வற்றும் பள்ளங்கள் இருக்கின்றன, சோழவரம், பொன்னேரி வயல்கள் இருக்கின்றன. வளர்ப்புத் தொட்டியிலிருந்து வெளியேறிய டேங்க் கிளீனர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதை வலை போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் நீரில் நேரடியாக நெல் விதைக்கும் வயல்களில் ட்ரையாப்ஸ் முளையைக் கிளறிப் பிடுங்கி மிதக்கவிடும் பூச்சியாகவே கருதப்படுகிறது. நாற்று நடும் ஜப்பானிய வயலிலோ அதே உயிர் களையைக் கிளறி எடுக்கும் நண்பன். எந்த வயலில் எதுவாக மாறும் என்று நாம் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பழைய மணலைக் குப்பையில் கொட்டுவதும் விடுவதற்குச் சமம். காய்வது அதற்குச் சாவு இல்லையே. 98 டிகிரி கணக்கு இங்கேதான் தேவைப்படுகிறது. தண்ணீரையும் மணலையும் பழைய பாத்திரத்தில் போட்டுத் தளதளவென்று பத்து நிமிடம் கொதிக்க வைத்த பிறகே கொட்டுங்கள்.

நம் பக்கத்தில் இயற்கையாகக் கிடைக்காதா?

ட்ரையாப்ஸ் கிரானேரியஸ் இந்தியாவில் பதிவாகியிருக்கும் இனம். தென்னிந்திய மழைக்குட்டைகளில் இதன் உறவான ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ் என்னும் ஓடற்ற இறாலும் உண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு புறநகரில் தேங்கிய தெளிந்த குட்டைகளைக் குனிந்து பாருங்கள். பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். பிரிட்டனில் ட்ரையாப்ஸுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள், அங்கே விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. குட்டைகளை மேடாக்கியதும் உழுததும்தான் காரணம். நம் ஊரில் குட்டைகளைக் கட்டுமானக் கழிவு கொட்டி மூடுவதைத் தினமும் பார்க்கிறோம். மண்ணோடு முட்டையும் போகிறது.

ஒரு வாரமாகியும் ஒன்றுமே பொரிக்கவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். நீரை வடித்து, முழுதாகக் காயவிட்டு, மூன்று வாரம் கழித்து மீண்டும் நனையுங்கள். டிடிஎஸ் சரிதானா, வெளிச்சம் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். என்னிடம் ஒரு உறை இருந்தது. ஆவணியில் நனைத்தேன், ஒன்றுமில்லை. கார்த்திகையில் கேன் தண்ணீரில் நனைத்தேன், ஒன்றுமில்லை. தை மாதம், மார்கழிக் கடைசியில் பிடித்து வைத்திருந்த மழைநீரில் மூன்றாம் முறை நனைத்தேன். மறுநாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது டப்பாவின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன.